இது கூடத் தெரியாதா?

"அந்தக் கொக்கி மட்டும் இன்னிக்கு என் கையில சிக்கட்டும்... உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!"

ஸ்டேஷனரி கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்று, கொட்டுகிற மழையைப் பார்த்து அவள் சொன்னாள். பக்கத்தில் யாருமில்லை என்ற தைரியம்தான். பின்னாலிருந்து க்ளுக்கென்று ஒரு சிரிப்பு...

திரும்பினாள். சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அடடா, இவ்வளவு பெரிய கண்களையா அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான்?

"கொக்கின்னா... யாருங்க?"

"புரோகிராம் எழுதற மொழி ஒண்ணு இருக்கு. அதை உருவாக்கறவங்க எல்லாம் எதிர்க் கட்டடத்துல இன்னிக்கு முதல் தடவையா நேர்ல கூடறாங்க. கொக்கிங்கறது அதுல ஒரு மகானுபாவரோட புனைபெயர். முகத்தைப் பார்த்ததே இல்ல. மூணு வருஷமா மெயில்லயே சண்டை. அங்க என் பேரு எறும்பு."

அவன் துடைப்பதை நிறுத்தினான். ஏனென்றால் கொக்கி அவன்தான். எறும்பு என்றால் மீசை வைத்த ஆளாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தான்!

"என்ன சண்டை?" என்றான், ஒன்றும் தெரியாதவன் போல.

"ஒரு கமா விட்டுப்போனாப் போதும்... திரையில 'இது கூடத் தெரியாதா?'ன்னு வரும். அதை எடுத்துடுங்கன்னு மூணு தடவை கோரிக்கை வெச்சேன், நடுவுல எத்தனையோ மெயில். 'வேடிக்கை புரியாதவங்களுக்காக மொழியை மாத்த முடியாது'ன்னு மூணு தடவையும் பதில்."

"வேடிக்கைதானேங்க?"

அவள் முறைத்தாள். "எங்க அக்கா பத்து வருஷம் பிள்ளைங்களை வளர்த்துட்டு, மறுபடி வேலைக்குப் போகணும்னு ஆசையா கத்துக்க உட்கார்ந்தா. மூணாவது நாள் இந்த வரி வந்துது. லேப்டாப்பை மூடிட்டா. 'வீட்ல கேக்கறது போதாதா, மெஷின் வேற கேக்கணுமா'ன்னு அழுதா. இன்னிக்கு ஓட்டெடுப்பு. தோத்துட்டா, அக்கா அதைத் திரும்பத் தொடவே மாட்டா."

அவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். அந்த வரிக்கு ஒருத்தி அழுதிருக்கிறாள்... இது இத்தனை மெயிலில் எங்கேயும் இல்லையே! இவளிடம் இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது.

"அந்தக் கொக்கி எப்படி இருப்பான்னு நினைக்கிறீங்க?"

"தொப்பை. உர்ருன்னு ஒரு மூஞ்சி. காலையில கண்ணாடியைப் பார்த்து 'இது கூடத் தெரியாதா'ன்னு கேட்டுட்டுத்தான் பல்லே விளக்குவார்."

அவன் அவசரமாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடுமே... அந்த யோசனையிலேயே மழை விட்டுவிட்டது.

எதிர்க் கட்டடத்துக்கு அவனும் கூடவே வந்தான். அரங்க வாசலில் ஆளுக்கொரு பெயர் அட்டை கொடுத்தார்கள். அவன் கையிலிருந்த அட்டையை அவள் எட்டிப் பார்த்தாள். கொக்கி.

"நீங்களா?" முகம் சிவந்துவிட்டது. "கூடவே நின்னு கதை கேட்டீங்களே... நல்லா பொழுது போச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

கூட்டம் தொடங்கியது. தலைமை தாங்கிய அம்மாள், "கொக்கி, மெயில்ல மாதிரி இங்கயும் நீங்களே ஆரம்பிங்க" என்றார்.

அவன் எழுந்தான். "மெயில்ல எப்பவும் நான்தான் முதல்ல எழுதறேன். அப்புறம் யாரும் வாயைத் திறக்கறதில்ல. இன்னிக்கு எறும்பு பேசட்டும்."

அவள் பேசினாள். குரல் நடுங்கவில்லை. அக்கா மூடிய லேப்டாப்பைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, நேராக அவனைப் பார்த்தாள். சண்டை மும்முரத்தில் மூன்று வருஷமாகக் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருந்தது.

"அதை ஏன் எழுதினீங்க?"

"அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. இந்த மொழியில எழுத நான் ஒருத்தன்தான் இருந்தேன். என்னை நானே திட்டிக்க எழுதினது அது. இத்தனை பேர் வருவீங்கன்னு நினைக்கல. வந்த பிறகாவது அழிச்சிருக்கணும்..."

"இனிமே தப்புப் பண்றவனுக்குத் தாலாட்டு பாடணுமாக்கும்!" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் கைகள் உயர்ந்தன. எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல்! வரி போயே போய்விட்டது.

வராந்தாவில் அவன் ஓடிவந்து வழிமறித்தான்.

"உங்க வாதம் சரின்னு ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சுங்க. அக்கா அழுதது மட்டும்தான் தெரியாது."

"அப்புறம் எதுக்கு மூணாவது தடவையும் முடியாதுன்னீங்க?"

"ஒத்துக்கிட்டா... நீங்க எழுதறதை நிறுத்திடுவீங்களேன்னு..."

அவளுக்குள் என்னமோ துள்ளியது. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. அவன் பதிலைத் தேடி, தினமும் முதல் வேலையாக மெயிலைத் திறந்தவள்தானே அவளும்? அதை இப்போது சொல்வாளா என்ன!

"உங்களுக்கு மெயில் வரணும்னு எங்க அக்கா அழணுமா?"

"தப்புதான். மன்னிப்பை அவங்ககிட்டயே கேக்கறேன். போன் போடுங்க."

போட்டாள். ஸ்பீக்கரில் அக்காவின் குரல், "என்னடி ஆச்சு?" என்று பதறியது.

"அக்கா... நான்தாங்க அந்த வரியை எழுதினவன். இன்னிக்கு எடுத்தாச்சு. எப்பவோ எடுத்திருக்கணும், என் வீம்புல விட்டுட்டேன். மன்னிச்சிடுங்க." அவன் மூச்சு வாங்கினான். "அப்புறம்... உங்க தங்கச்சியை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. திட்டறதா இருந்தா ரெண்டுக்கும் சேர்த்தே திட்டிடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா மெதுவாக, "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க... பக்கத்துலதான் நிக்கறாங்க."

அவள் போனை வெடுக்கென்று பிடுங்கினாள். கண் நிறைந்திருந்தது.

"அக்கா... எனக்கும்தான்க்கா."