பதிவில் விழுந்த இருமல்

"அண்ணி, அஞ்சே நிமிஷம்... கொஞ்சம் படிக்கட்டுல போய் நில்லுங்களேன்!"

சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். நான்கு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு நடப்பதுதான். இன்று அண்ணி தன் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனதை அவள் கவனிக்கவில்லை.

கடலுக்கு அப்பால், ஒரு குழந்தைகள் இல்லத்தில், அவளும் கணவனும் தத்தெடுக்கப்போகும் பத்து மாதப் பெண் குழந்தை இருந்தது. கோர்ட் உத்தரவு வந்தால் போய்த் தூக்கி வரவேண்டியதுதான். அதுவரை, வரப்போகிற வீட்டின் குரல் பழகட்டும் என்று, ஐந்து மாதம் முன்பே, தினமும் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பதினொரு வருடம் காத்திருந்தவள் அவள். பதிவில் ஓர் இருமல் விழுந்தால் போதும், 'நோயாளி இருக்கிற வீடு' என்று ஃபைலை மூடிவிடுவார்களோ என்று பயந்தாள்.

அண்ணி அவள் கணவனின் அக்கா. பஞ்சாலையில் இருபத்திரண்டு வருடம் கழிவுப் பஞ்சு பிரித்துத்தான் தம்பியை வாத்தியார் ஆக்கினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் பேச்சு வருவதே நின்றுபோனது. பஞ்சுத் தூசி மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அண்ணியை வெளியே நிற்க வைத்தாள்! மனசு குறுகுறுக்கும்போதெல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

"தங்கம்... அம்மா பேசறேன்டா..." என்று இரண்டு நிமிடம் கொஞ்சி முடித்துக் கதவைத் திறந்தாள். மூன்றாம் படியில் அண்ணி, மடியில் பையும் வாயில் பொத்திய துண்டுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணி இது... பை எதுக்கு?"

"லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிருச்சும்மா. வண்டி வரச் சொல்லியிருக்கேன். குழந்தை வரப்போற வீடு... நடுவுல நான் எதுக்கு லொக்கு லொக்குன்னு..."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

பாதி சவரத்தில், கன்னத்தில் சோப்பு நுரையோடு வாத்தியார் ஓடி வந்தான். "அக்கா! எங்கே கிளம்பிட்டே? ஏய், நீ என்னடி சொன்னே அவகிட்ட?"

"நான் போகச் சொல்லலைங்க..."

உண்மைதான். அவள் போகச் சொன்னதே இல்லை. கதவை மட்டும்தான் சாத்தினாள்.

"அவளை ஏன்டா முறைக்கறே?" என்றாள் அண்ணி. "நானாத்தான் போறேன். அவ பாவம், பயந்துக்கிட்டு இருக்கா."

அப்போதுதான் வாத்தியாரின் போன் மணி அடித்தது. இல்லத்திலிருந்து ஒரு வீடியோ, கூடவே ஒரு கடிதம். அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, படித்துப் படித்துத் தமிழில் சொன்னான்.

"முதல் மாசம் நாம அனுப்பின பதிவுல யாரோ இருமறாங்களாம். அந்தச் சத்தம் கேட்டா குழந்தை சிரிக்குதாம்... இப்ப வர்ற பதிவுல அது இல்லையாம். குழந்தை தேடுதுன்னு பழசையே போட்டுக் காட்டறாங்களாம். அவங்க நல்லா இருக்காங்களான்னு கேட்டிருக்காங்க..."

மூவரும் படியிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். பாயில் மல்லாந்து கிடந்தது குழந்தை. பக்கத்தில் ஒரு போனில் "தங்கம்... அம்மா பேசறேன்டா..." என்று அவள் குரல். குழந்தை அதைச் சட்டை செய்யாமல் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பிறகு, லொக்... லொக்! விரலை விட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி, கீழ்வரிசையின் இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது.

அடுத்த நொடியே போனிலிருந்து அவள் குரல் மறுபடி வந்தது. "ஷ்ஷ்! அண்ணி... சனியன் பிடிச்ச இருமல்!"

குழந்தையின் முகம் சுருங்கிப்போனது.

அவள் அப்படியே சரிந்து அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்தாள். "நான் பாவி அண்ணி! அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லியே நாலு மாசம் உங்களை வெளியில நிக்க வச்சேனே... இந்த வீடே நீங்க போட்ட சோறாச்சே!"

"அழாதேம்மா... கைக்கு வரப்போறது நழுவிடுமோன்னு யாருக்குத்தான் பயம் இருக்காது..." அண்ணியின் கண்ணீர் அவள் தலையில் சொட்டியது.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அதைத் திருப்பி அனுப்ப, காய்ந்துபோன நுரையோடு வாத்தியார் இறங்கி ஓடினான்.

அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு அண்ணியை உள்ளே கூட்டிப்போனாள். நாற்காலியில் உட்காரவைத்து, போனை முன்னால் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

"இருமுங்க அண்ணி."

அண்ணி முக்கிப் பார்த்தாள், கனைத்துப் பார்த்தாள். "வரமாட்டேங்குதேம்மா..." என்றவளுக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்துவிட்டது. பழக்கத்தில் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா தங்கம்... இதுதான் உன் அத்தை. அன்னைக்கு ஷ்ஷ்னு அதட்டினது அம்மாதான்... இனிமே அதட்டமாட்டேன்டா."