கொசுறாக வந்த ரசனை

அருமைநாயகம் பல் துலக்குவதற்கு முன்பே பெருமூச்சுமானி வாசிக்கத் தொடங்கிவிடும். செவ்வாய்க் கிரகத்தில் படம் பார்ப்பவர்களின் காதுக்குப் பின்னால் மனச்சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. அவர்கள் விடும் ஒவ்வொரு பெருமூச்சையும் அது காரணத்தோடு நடிகனுக்கு அனுப்பிவிடும். சட்டம் அப்படி. இன்றைக்கும் வழக்கம்போல்தான்: இரண்டு லட்சம் பெருமூச்சு. காரணம், "பழைய ஆளே தேவலை."

'உளவாளி முகிலன்' படவரிசைக்கு வயது நூற்றுப்பத்து. முகிலனுக்கு வயதாகாது, நடிப்பவனுக்குத்தான் ஆகும். அருமைநாயகம் ஐந்தாவது முகிலன். பதினோரு வருடமாகக் கூரை கூரையாகக் குதித்து, இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டவர். ஆனாலும் மக்களுக்கு நான்காவது முகிலன்தான் முகிலன். அந்த நான்காமவர் காலத்தில் மூன்றாமவருக்காகப் பெருமூச்சு விட்டவர்களில் தானும் ஒருவர் என்பதை அருமைநாயகம் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் நடித்த ஏழாவது படம் வெளியாக ஒரு வாரம் இருந்தது. முதல் நாளே பெருமூச்சு பத்து லட்சத்தைத் தொட்டால் ஆறாவது முகிலனைத் தேடலாம் என்று ஒப்பந்தம். அருமைநாயகம் படநிறுவன முதலாளி மெய்யம்மை ஆச்சியிடம் போய் உட்கார்ந்தார்.

"நீதான்யா முகிலன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டுட்டா, நானே போயிடறேன் ஆச்சி."

ஆச்சிக்கும் அவரை விட மனமில்லை. பழகிய ஆள், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார்.

"பழசைப் பாத்தவன்தானே தம்பி பழசைக் கேப்பான்? பழசே தெரியாதவனாப் புடிப்போம்."

அப்படிப் பிடித்தவைதான் ரசிகப்பொறிகள். ஒரு நாள் முன்பு செய்து மறுநாள் அரங்கில் உட்காரவைக்கும் இயந்திரங்கள். அவற்றின் பெருமூச்சும் சட்டப்படி செல்லும். விற்பவன் சொன்ன விலையைப் பாதியாக்கினார் ஆச்சி. பழைய படங்களின் நினைவுத் தொகுப்பு வேண்டவே வேண்டாமென்று கழற்றச் சொன்னார். எழுந்திருக்கும்போது, இவ்வளவு வாங்கியிருக்கிறேனே, கொசுறு எங்கே என்று கேட்டார். கொசுறில்லாமல் கொத்துமல்லிகூட வாங்கிப் பழகாதவர். விற்பவன் அலமாரியைத் துழாவி, விலைபோகாமல் கிடந்த 'மனித ரசனை' என்ற சில்லை எல்லாப் பொறிகளுக்கும் இலவசமாகச் செருகிக் கொடுத்தான்.

முதல் நாள் காலைக் காட்சிக்கு அரங்கெல்லாம் பொறிகள். முகிலன் குதித்தபோது விசிலடித்தன. பெருமூச்சு பூஜ்ஜியம். அருமைநாயகம் மானியை மூன்று முறை தட்டிப் பார்த்து, பழுதில்லை என்று தெரிந்த பிறகு ஆச்சியோடு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார்.

மதியம் அதே பொறிகளுக்கு அதே படம். காட்சி முடிவதற்குள் மானி நான்கு லட்சத்தைத் தாண்டியது. தொழிலை விட்டுப் போக இன்னும் ஆறு லட்சம்தான் பாக்கி. காரணத்தைக் கேட்டார். மானி வாசித்தது:

"காலையில் நடித்த ஆளே தேவலை."

அருமைநாயகத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "ஆச்சி, அந்தக் காலை ஆளு நான்தானே?"

ஆச்சி அதற்குள் சுவரொட்டிக்காரரை அழைத்துவிட்டிருந்தார். "மாலைக் காட்சிக்கு 'பழைய முகிலன் திரும்பி வருகிறார்'னு போடுங்க. எழுத்து பெரிசா இருக்கட்டும்."

மாலையில் பொறிகளுக்கு இடமில்லாமல் மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். அதே படம், அதே முகம், அதே முழங்கால். படம் முடியும்வரை மானி வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெருமூச்சைக் காரணத்தோடு வாசித்தது:

"இந்த மனுசனைப் போய் ஏன்தான் மாத்தினாங்களோ?"