இணக்கியின் பச்சை விளக்கு

செங்கழுநீர் நகரில் உச்சி மாடி வீடுகளில் சாமிகள் குடியிருந்தன. மனிதர்கள் கீழே திடலில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள்.

நரிக்குறவர்களுக்காக வாழ்விட வாரியம் கட்டிக்கொடுத்த நான்கு மாடிக் கட்டடங்கள் அவை. அந்தக் குடியிருப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அம்மனின் துணிமணி வைத்துக் கட்டிய சாமி மூட்டை ஒன்று உண்டு. அதற்கு மேலே மனிதக் கால் நடக்கக் கூடாது. ஆகவே நாற்பது குடும்பத்து மூட்டைகளும் உச்சி மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. சாமி இல்லாத வீட்டில் அவர்கள் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வெட்டவெளியில் மூட்டினால் அது குற்றமில்லை. அதனால் கீழ்வீடுகள் காலி. மழைக்காலத்தில் தரைத்தள வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தவளைகள் மட்டும் வாரியத்தை வாழ்த்தும்.

இப்போது அந்தத் திடலுக்கும் ஆபத்து வந்திருந்தது. பறக்கும் வண்டிகளுக்கு அங்கே நிறுத்தக் கோபுரம் கட்டப்போகிறார்களாம். வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தை. இணக்கி என்ற பேச்சுவார்த்தை இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தால் ஒப்பந்தம் முடிந்த மாதிரி; திடல் போயிற்று.

பவளக்கொடிக்குத்தான் அந்தப் பச்சை விளக்கின் மேல் தாங்க முடியாத எரிச்சல். நாற்பத்திரண்டு வயது, பாசிமணி கோக்கும் விரல்கள், யாருக்கும் பயப்படாத வாய். குடியிருப்பின் சார்பில் வாரியத்தோடு பேசும் இடையாள் அவள். ஐந்து வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் மாடி வீடு வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் காதில் விழுந்த இனிப்பான பதிலில் கோபம் அடங்கி, சம்மதம் என்றிருக்கிறாள். பச்சைதான் எரிந்தது. அதிகாரிகள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

இந்த முறை அவள் முன்கூட்டியே இணக்கி நிலையத்துக்குப் போய், பழைய கூட்டங்களின் மூலப்பதிவைக் கேட்டாள். இடையாளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை. இயந்திரத்தைப் பராமரிக்கும் நஸ்ரினே விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

இணக்கி என்பது வெறும் மொழிபெயர்ப்பான் இல்லை. பேசுகிறவர் தன் தாய்மொழியில் பேச வேண்டும். கேட்கிறவர் காதில் செவிச்சிப்பி மாட்டியிருப்பார். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே போகாது. இயந்திரம் பேச்சிலிருக்கும் முள்ளை எடுத்துவிட்டு, கேட்கிறவர் மனம் ஏற்கும்படி சொல்லும். இரண்டு பேர் நாடித்துடிப்பும் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். எந்த ஊரிலும் இப்போது பேச்சுவார்த்தையில் சண்டையே கிடையாது என்று வாரியம் பீற்றிக்கொண்டது.

"எங்களுக்குத்தான் தமிழ் நல்லாத் தெரியுமே, அப்புறம் எதுக்கு எங்க வாக்ரி பாஷையிலயே பேசணும்னு சட்டம்?" என்று பவளக்கொடி முன்பொரு நாள் கேட்டிருந்தாள். உங்கள் மொழிக்கு நாங்கள் தரும் மரியாதை என்று பதில் வந்தது.

நஸ்ரின் பதிவை ஓடவிட்டாள். முதலில் பவளக்கொடியின் சொந்தக் குரல், வாக்ரி மொழியில்: "எங்க சாமி தலைக்கு மேல எவனும் நடக்கக் கூடாது. மாடி வீடு வேணாம். தரையில தனித்தனியா கட்டிக் குடு."

அடுத்து, அதிகாரியின் காதில் விழுந்தது: "எங்கள் தெய்வத்துக்கு உயரமான இடம் அளித்து, எங்களைத் தலைநிமிர வைக்கும் உங்களுக்கு நன்றி."

பவளக்கொடி சிரித்தாள். பிறகு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சு வருஷமா எல்லார் காதுலயும் பூச்சுத்தியிருக்கு இது! அவன் எங்களை வெரட்டுனதை எங்க காதுல பாட்டாப் பாடியிருக்கு. நாங்க திட்டுனதை அவன் காதுல நன்றின்னு சொல்லியிருக்கு."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா," என்றாள் நஸ்ரின் சங்கடத்தோடு. "ரெண்டு பேரும் சமாதானமாகணும். அது ஒண்ணுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தது."

"சரி, நாளைக்கு ஒரு தகராறு வந்தா கோர்ட்டுல எது நிக்கும்? பேசுனதா, காதுல கேட்டதா?"

"பேசுனதுதான். மூலச்சொல்லுக்குத்தான் செல்லுபடி. எதிராளி சம்மதம்னு சொல்லி, பச்சையும் எரிஞ்சிட்டா மாத்தவே முடியாது. வாரியம் போட்ட விதிதான்."

தங்கள் நிபந்தனைகள் தவறிப்போகக் கூடாது என்று வாரியம் போட்டுக்கொண்ட பூட்டு அது. அந்தப் பூட்டுக்கு இரண்டு பக்கமும் சாவித்துவாரம் இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

"நஸ்ரினு, இதை நீ யாருட்டயும் சொல்லுவியா?"

"என்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்லக்கா."

வெள்ளிக்கிழமை காலை, ஐந்து வருடமாக அவள் எதிரே உட்கார்ந்துவரும் வாரிய இயக்குநர் கார்வண்ணன் வந்தார். கெட்டவர் இல்லை. ஏழைகளின் நன்றியைக் கேட்டுக் கேட்டே பூரித்துப்போனவர். இதுவரை இடையாள் மட்டுமே போன கூட்டத்துக்கு இந்த முறை வந்திருந்த ஜனங்களை நோக்கிப் பெரிதாகக் கும்பிட்டுவிட்டுச் செவிச்சிப்பியை மாட்டினார்.

பவளக்கொடியின் பயம் வேறு. அவள் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. நாடி அடங்காவிட்டால் பச்சை எரியாது. புருஷன் கஜேந்திரன் அவளை நன்றாக அறிந்தவன். பாசியும் நைலான் நரம்பும் ஊசியும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"கோத்துக்கிட்டே பேசு. கோக்கும்போது மட்டுந்தான் நீ கத்த மாட்டே."

அவள் கோக்கத் தொடங்கினாள். கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. எதிரே கார்வண்ணன் வாயசைத்தார். திடலை மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். சிப்பிக்குள்ளோ அவளுடைய அக்கா பேசுவது போன்ற குரல்: "உங்கள் திடல் பூத்துக் குலுங்கும் காலம் வந்துவிட்டது, தங்கச்சி."

அடியே அக்கா, உன்னை எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டாள். சம்மதம் சொல்லவில்லை. ஊசியில் அடுத்த மணியை ஏற்றிக்கொண்டு, வாக்ரி மொழியில், சந்தையில் விலை சொல்வதுபோல நிதானமாகப் பேசினாள்.

"இந்தத் திடல் எங்களுது. இதுல நாப்பது வீடு, தரையோட, தனித்தனிக் கூரையோட நீ கட்டிக் குடுக்கணும். கடைசி வீட்டுக்குக் கூரை ஏறுற வரைக்கும் நீ உன் பொண்டாட்டியோட மூணாம் கட்டடத்துத் தரைத்தளத்துல குடியிருக்கணும். நீ கட்டுன வீடு. நீயே இருந்து பாரு."

பின்னால் உட்கார்ந்திருந்த ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அன்றைய பெரிய சாதனை.

கார்வண்ணனின் முகம் மலர்ந்தது. அவர் காதில் விழுந்தது இது: "இந்தத் திடலில் உங்கள் பெயர் நிலைக்கட்டும். எங்கள் வீட்டை உங்கள் வீடாக நினைத்து, துணைவியாரோடு வந்து தங்கி எங்களைப் பெருமைப்படுத்துங்கள்."

"சம்மதம்," என்றார். கண்கூடக் கலங்கியது. "முழுச் சம்மதம்!"

கறுப்பு, சிவப்பு. நாடி அடங்கி ஓடியது. பச்சை எரிந்தது.

மூன்றாம் நாள் மூலப்பதிவின் தமிழாக்கம் வாரியத்துக்குப் போனபோது அங்கே யாருக்கும் காபி இறங்கவில்லை. கார்வண்ணன் வழக்குப் போட்டார். அவருடைய வாரியம் எழுதிய விதியைப் படித்துக்காட்டியே நீதிமன்றம் தள்ளிவிட்டது. இதே விதியால் ஐந்து வருடத்தில் எத்தனை குடியிருப்புகள் காலியாயின என்ற பட்டியலை அரசுத் தரப்பே தந்திருந்தது. விதியை இப்போது செல்லாது என்றால் அவை எல்லாமே செல்லாது. ஐப்பசி முதல் தேதி அவர் மனைவியோடும் இரண்டு பெட்டிகளோடும் மூன்றாம் கட்டடத்துத் தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

குடிவந்த நான்காம் நாள் மழை பிடித்தது.

ஐந்தாம் நாள் காலை கார்வண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் சளப்சளப்பென்று நடந்து பவளக்கொடியின் தார்ப்பாய்க் கூடாரத்துக்கு வந்தார். புகார் என்றால் இணக்கி வழியாகத்தான் சொல்ல வேண்டும். நஸ்ரின் குடை பிடித்தபடி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டு பேரும் செவிச்சிப்பி மாட்டிக்கொண்டார்கள்.

அவர் பேசினார். கழுத்து நரம்பு புடைத்தது. கை ஆகாயத்துக்கும் பூமிக்கும் போய்வந்தது. பவளக்கொடியின் காதில் அக்கா குரல் குழைந்தது: "தண்ணீர் நிறைந்த வீட்டில் லட்சுமி வாசம் செய்கிறாள், தங்கச்சி. இங்கே தங்கியது நான் செய்த பாக்கியம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஐந்து வருடமாக அவள் முகமும் அவருக்கு இப்படித்தானே தெரிந்திருக்கும்? அப்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அது அவளுக்கு வலித்தது.

செவிச்சிப்பியைக் கழற்றி மடியில் போட்டாள்.

"...அடுப்படி வரைக்கும் சாக்கடைத் தண்ணி! மேல சுவரெல்லாம் ஒழுகுது! மனுசன் இருக்கிற எடமாம்மா இது? எத்தனை தடவை சொல்றது, ஒங்க காதுல விழுதா இல்லையா!"

பவளக்கொடி தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் பேச்சை நிறுத்தினார். புரியாமல் நஸ்ரினைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன்னுடையதையும் கழற்றினார். மழையின் சத்தம் அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

"இப்பத்தான் சார் விழுது," என்றாள் பவளக்கொடி தமிழில். "நீங்க இப்பச் சொன்னீங்களே, அதேதான் அஞ்சு வருஷமா நானும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட மாறல."

அவர் வேட்டி நுனியைப் பிழிந்தார். அப்புறம், "மூட்டைக்கு மேல யாரும் நடக்கக் கூடாதுன்னா, ஒவ்வொரு வீட்டுலயும் அதை எங்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

அவள் ஒரு குச்சியை எடுத்து ஈரமண்ணில் வரைந்து காட்டினாள். அவர் அந்த மூலை சரியில்லை, அங்கே தண்ணீர் ஏறும் என்றார். அவள் அது உனக்கெப்படித் தெரியும் என்று எகிறினாள். நான்தானே அங்கே குடியிருக்கிறேன் என்று அவரும் எகிறினார். இரண்டு பேர் நாடியும் தாறுமாறாக ஓடியது. நஸ்ரின் கையிலிருந்த இணக்கி பொறுக்க முடியாமல் கூவிக்கூவிச் சிவப்பாக எரிந்தது.

யாரும் அதை அணைக்கவில்லை. மழை விட்டதும், அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் முதல் வீட்டு அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்தார்கள்.