பின்சீட்டு ஸ்பீக்கர்

காருக்குள் ஏறியதுமே பினாயில் நெடி ஹயாத் பாஷாவின் மூக்கைத் துளைத்தது. போன வாரம் இதே அம்பாசிடரில் மாம்பழமும் சுருட்டும் கலந்த வாசனைதான் இருந்தது. பின்கதவின் உள்பக்கக் கைப்பிடி வேறு முறிந்து தொங்கியது. காசுள்ளவர் கார், எதையோ கொட்டிக் கழுவியிருக்கிறார், நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினான்.

தருமபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாஷாவுக்குக் கை சுத்தம், வாய்தான் நீளம். மாந்தோப்புக்காரர் தீர்த்தகிரியின் கார் ரேடியோ செட் மக்கர் பண்ணியபோது, அதை எதற்குக் கட்டி அழுகிறீர்கள் என்று சொல்லி, பின்சீட்டு ஸ்பீக்கருக்குப் போன ஒயரை வெட்டி, நீளமாக இழுத்து, நுனியில் ஒரு சின்ன பிளக்கைப் பற்றவைத்து, அவர் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கையடக்க டேப்பில் மாட்டும்படி செய்து கொடுத்தவன் அவன்தான். சத்தம் கம்மியாகத்தான் வரும், கண்ணாடியை ஏற்றிவிட்டால் கேட்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தான். இன்றைக்குத் தெருவே ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த உச்சி வெயிலில் அவர் திரும்பி வந்தார்.

"பாடவே மாட்டேங்குது பாய். சும்மா சுத்துது."

எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தாராம். வீட்டில் பாஞ்சாலியம்மா சௌக்கியமா என்று பாஷா விசாரித்தான். கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றவர், டீ குடிக்க எதிர்க்கடைக்கு நடந்தார்.

டேப்பைப் பார்த்ததும் பாஷாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் பிளக்கை மைக் ஓட்டையில் செருகி, பதிவு பண்ணும் சிவப்புப் பட்டனையும் சேர்த்து அமுக்கியிருக்கிறார். அப்படி மாட்டினால் ஸ்பீக்கரே காதாகிவிடும். காருக்குள் பேசியதெல்லாம் டேப்பில் ஏறியிருக்கும். பின்னுக்குச் சுற்றி, இயர்போனை மாட்டிக்கொண்டான்.

இன்ஜின் இரைச்சல். கியர் மாற்றும் கரகரப்பு. ஸ்பீக்கருக்கு வெகு பக்கத்தில் பாஞ்சாலியின் குரல்.

"காரிமங்கலத்துல என்னை எறக்கி விட்ருங்க. எங்கம்மா வூட்டுக்கு நடந்தே போயிக்கறேன்."

கார் நின்றது. பின்கதவு திறந்தது. இரும்பு விழுந்தது. எதன்மேல் விழுந்தது என்று பாஷாவுக்குத் தெரிந்தது. அவள் ஆத்தா என்றாள். மறுபடி விழுந்தது. மண்டை ஓடு நொறுங்கும் சத்தம். மறுபடி. அவள் குரல் நின்ற பிறகும் அடி நிற்கவில்லை. கடைசியில் மூச்சிரைக்க ஓர் ஆண்குரல்: "இந்த எழவு பாடவும் மாட்டேங்குது."

யா அல்லா.

இயர்போனைப் பிடுங்கி டேப்பை நிறுத்தினான். முன்சீட்டில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவனையே பார்த்தார்.

"என்னா பாய், இப்பிடி வேர்க்குது?"

வெயில் என்றான். டேப்பில் ஒன்றுமில்லை, பாட்டெல்லாம் அழிந்துவிட்டது என்றான்.

"ஓடவிடுங்க, கேப்போம். கண்ணாடிய ஏத்துங்க."

ஏற்றினான். உயிர் பிழைக்க ஒரே வழிதான். அவர் தெரியாமல் செய்த தப்பை பாஷா தெரிந்தே செய்தான். பிளக்கை மைக் ஓட்டையில் செருகி ஓடவிட்டான். டேப் சுற்றியது. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

தீர்த்தகிரி கையை நீட்டி டேப்பை வாங்கினார். நிதானமாகத் திருப்பிப் பார்த்தார்.

"பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்குதே பாய்."

அதில் செருகினார்.

பாஷா பற்றவைத்த ஒயர் அருமையாக வேலை செய்தது. ஓடும் காரின் இரைச்சலுக்கு அடியில், அவன் காதோரம், நூலாக ஒரு முனகல். ஆத்தா. தண்ணி. ஆத்தா.

தீர்த்தகிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அட, பொதைக்கப் போறப்பக்கூட உசிரு இருந்துருக்குது."

சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் வளைவில் முடி ஒட்டியிருந்தது. முன்கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றினார். வண்டி கிளம்பியது. முறிந்த கைப்பிடி பாஷாவின் விரல்களுக்குள் சும்மா சுழன்றது. மறுகதவிலும் பிடியில்லை; கண்ணாடியை இறக்கும் பிடியைச் சுற்றினால் அது கையோடு கழன்று வந்தது.

பள்ளிவாசலிலிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பாஷா இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தான். கூட்டத்தில் தெரிந்த சிநேகிதன் கரீமைப் பெயர் சொல்லிக் கத்தினான். கரீம் திரும்பிப் பார்த்தான். பெரிய காரில் போகும் சிநேகிதனைப் பார்த்துச் சிரித்து, கையை உயர்த்தி சலாம் வைத்தான்.

கண்ணாடிக்கு உள்ளே அவள் தண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். தீர்த்தகிரி ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியபடி, மறுகையால், இந்த முறை தெரிந்தே, பதிவு பண்ணும் சிவப்புப் பட்டனைத் தேடினார்.