ஒரு சமன்பாடு அதிகம்

உலகத்தில் காரணம் என்று ஒன்று கிடையாது என்பதைக் கண்டுபிடிக்க மனிதகுலத்துக்கு மூவாயிரம் ஆண்டுகள் ஆயின. அதைச் சக ஊழியர்களுக்கு விளக்க ஞானசிகாமணிக்கு ஒரு தேநீர் இடைவேளை போதும்.

"சமன் குறிக்குத் திசை ஏது மெஹர்? காத்து குறைஞ்சதால ஆள் செத்தானா, ஆள் செத்ததால காத்து குறைஞ்சுதான்னு நம்ம தீர்வி மெஷினுக்குத் தெரியாது. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணா சார்?" என்றாள் மெஹருன்னிசா.

அவன் சிரித்தபடி மனுக்கட்டைப் பிரித்தான். இறந்தவர்களின் உறவினர்கள் அலுவலகத்தின் தரைத்தள ஜன்னலில் வரிசையாக நின்று எழுதிக் கொடுத்தவை. தேநீர் நேரத்தில் அவற்றை ராகம் போட்டு வாசிப்பது அவன் வழக்கம்.

"'என் கணவர் இறந்தது யாரால் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' யாராலயாம்! இந்தக் காலத்துல கேக்குற கேள்வியா?"

அந்தக் காலம் கூரைநகரின் காலம். கூரைக்கு வெளியே செவ்வாய்க் கிரகம், அதாவது மூச்சுவிட ஒன்றுமில்லை. உள்ளே பன்னிரண்டு தொகுதிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து அளந்து வைத்த காற்று. நகரம் முழுவதும் சமன்மொழியில் எழுதப்பட்டிருந்தது; எழுதுவது ஞானசிகாமணியின் அலுவலகம். அதில் 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்ற கட்டளைகள் கிடையா. வீடு என்றால் என்ன என்று ஒருமுறை எழுதினால் அந்த வார்ப்பிலிருந்து இரண்டாயிரம் வீடுகள் பிறக்கும். மனிதனும் ஒரு வார்ப்புதான். மூச்சுவிடும், வியர்க்கும், சூடு கக்கும். எதற்கு எதனோடு என்ன உறவு என்று எழுதிவிட்டால், மிச்சத்தைத் தீர்வி என்ற இயந்திரம் கண்டுபிடிக்கும். வந்த விடையைக் கதவுகளும் காற்றுக்குழாய்களும் நிறைவேற்றும். தீர்விக்கு ஒரே ஒரு பிடிவாதம்: தெரியாதவை எத்தனையோ, சமன்பாடுகளும் அத்தனைதான் இருக்க வேண்டும்.

அன்று மதியம் நகர மன்றத்திலிருந்து ஆணை வந்தது. உறுப்பினர்கள் கூட்டத்தில் கொட்டாவி விடுகிறார்கள். மன்றக் கூடத்தில் ஆக்சிஜன் இருபத்து மூன்று சதவீதம் இருக்க வேண்டும்.

ஞானசிகாமணி எழுதினான். தீர்வி மறுத்தது: ஒரு சமன்பாடு அதிகம்.

"தெரிஞ்சது ஏதாவது ஒண்ணத் தெரியாததா ஆக்கிட்டா முடிஞ்சுது," என்று ஒன்பதாம் தொகுதியில் 'ஆட்கள் = 640' என்ற வரியின் பூட்டைத் திறந்துவிட்டான். தீர்வி உடனே ஓடியது. விடை: 611.4.

"பாய்ன்ட் நாலு ஆளா சார்?"

"அது கீழ முழுசாக்கிக்கும்."

மெஹர் சிரிக்கவில்லை. கால் மணி நேரம் கழித்தும் அந்த எண்ணை விடவில்லை. "மீதி இருபத்தொன்பது பேர் எங்க போவாங்க?"

அவன் பதில் சொல்லும் முன் கைபேசி அடித்தது. அக்கா செங்கமலம்.

"டேய் சிகா, ஒலிபெருக்கியில பேர் சொல்லி வெளியறைக்கு வரச் சொன்னாங்க. வந்ததும் உள்கதவு பூட்டிக்கிச்சுடா. இருபத்தொன்பது பேர் நிக்கிறோம்."

"நீ நாலாம் தொகுதிதானேக்கா?"

"நேத்தே ஒன்பதுக்கு மாறியாச்சு. மெசேஜ் போட்டேனே, நீ எங்க பாத்த?"

வெளியறையின் மறுகதவு செவ்வாய்க்குத் திறப்பது. தொகுதியில் கடைசியாகப் பதிந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது நகரச் சட்டம். அதைச் சமன்மொழியில் எழுதியவனும் அவன்தான்.

640ஐத் திரும்பப் பூட்டினான். ஒரு சமன்பாடு அதிகம். மன்றத்தின் வரியை அழிக்கப் போனான். அது மன்றம் முத்திரையிட்ட வரி, அவன் கைக்கு அடங்காது.

"வேற தொகுதியோட வரியத் திறந்துவிடுங்க சார்!" என்ற மெஹர், சொன்ன வேகத்திலேயே வாயை மூடிக்கொண்டாள். ஏழாம் தொகுதி அவளுடையது. அங்கே அவளுக்கு இரண்டு குழந்தைகள். நாலாம் தொகுதி அவனுடையது. மற்ற ஒவ்வொன்றிலும் அறுநூற்று நாற்பது பேர். அவன் விரல் பட்டியலில் மேலே போனது, கீழே வந்தது, எங்கும் நிற்கவில்லை.

"சிகா, விளக்கு சிவப்பாயிருச்சுடா. என்னவோ சத்தம் கேக்குது. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, கேட்டுச் சொல்லேன்…"

பிறகு கைபேசியில் காற்றுச் சத்தம்கூட இல்லை. திரையில் விடை அழகாக நின்றது: 611. பிழை பூஜ்யம். மன்றத்தில் அன்று யாரும் கொட்டாவி விடவில்லை.

மறுநாள் காலை தரைத்தள ஜன்னலில் வரிசை நீளம். ஞானசிகாமணி பதினேழாவதாக நின்றான். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாருங்க?"

"என் அக்கா," என்றான். "பேனா இருக்குமா?"

கொடுத்தாள். சுவரில் தாளை வைத்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான்:

'என் அக்கா செங்கமலம், வயது நாற்பத்தொன்று, நேற்று இறந்தது யாரால் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.'