கணேஸ்வரன் கலந்துகொண்ட மாநாடு

"ஒரு போன எடுத்து என் பதவி உயர்வையே கெடுத்துட்டீங்களே அத்தை!"

"எங்கம்மாகிட்ட கத்தாதீங்க சொல்லிட்டேன்!"

பாச்சாங்கில் அந்தத் தெருவில் யார் வீட்டில் கத்தினாலும் கோமளாவின் காதுக்குத் தப்பாது. இதுவோ பக்கத்து வீடு.

விரிவுரையாளர் கணேஸ்வரன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் உலகப் பேராசிரியர்களுடன் மாநாட்டில் கலந்துகொள்ளப்போவதாக அந்த 1997இல் ஒரு மாதமாகச் சொல்லித் திரிந்தவர். கலந்துகொண்ட சான்றிதழ் வந்தால்தான் பதவி உயர்வு. பிற்பகல் மூன்று மணிக்குப் போன் லைன் வழியாகக் கட்டுரையை அனுப்பும்போது மாமியார் குஞ்சம்மா சமையலறைப் போனை எடுக்க, லைன் அறுந்துபோனதாம்.

மருமகன் முகம் பார்த்துப் பேசாத குஞ்சம்மா, சின்ன மகளிடம் போகத் துணிப்பையைக் கட்டினாள்.

கோமளா, மாமியார்தான் கெடுத்தாள் என்ற சேதியைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் ராஜம்மாவை அழைத்துவந்தாள். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர்.

"எங்கம்மா மேல தப்பான்னு நீங்களே சொல்லுங்கக்கா," என்றாள் கணேஸ்வரனின் மனைவி நிர்மலாதேவி.

ராஜம்மா கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். போன் வயர் செருகும் துளைமேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. எல்லோரும் பின்தொடரச் சமையலறைக்குப் போய்க் குஞ்சம்மாவிடம் கேட்டார்.

"போன எடுத்தப்ப என்னக்கா கேட்டுச்சு?"

"எப்பவும் போல 'ங்ங்'னுதான். புக்கிட் ரம்பாயில சின்னவ தேவிஸ்ரீக்கு அடிச்சுப் பேசினேன்."

"போன எடுத்தத ஒத்துக்கிட்டாங்க, பாத்தீங்களா!" கோமளா துள்ளினாள்.

"கொஞ்சம் சும்மா இரு," என்றார் ராஜம்மா. "வீட்டுக்கு ஒரே லைன். கம்ப்யூட்டர் அதுல ஓடினா காதுல கீச்சுனு இரைச்சல்தான் கேக்கும். டயல் பண்ற 'ங்ங்' சத்தம் வராது, நம்பரும் போகாது. மூணு மணிக்கு லைன் சும்மாதான் கிடந்துச்சு. பெட்டியில ஒட்டுன தாளக்கூட யாரும் உரிக்கல. தம்பி, நீங்க மாநாட்டுக்கே போகலியே?"

கணேஸ்வரன் தரையைப் பார்த்தார். "எப்படிச் சேர்றதுன்னு தெரியலக்கா. என் ஸ்டூடண்ட்ஸுக்குத் தெரியும். அவுங்ககிட்டப் போயி நான் எப்படிக் கேக்கிறது?"

குஞ்சம்மா மகளைப் பார்த்தே சொன்னாள்: "மூணு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால தலையில கைய வச்சு உக்காந்திருந்தாரு, பாத்தேன். பழி எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கணேஸ்வரன் நிமிரவேயில்லை. கோமளாவாலும் நிமிர முடியவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்க வீடு வீடாகப் போனாள். மூன்றாவது வீட்டு வாசலில் நாக்கு எழாமல் திரும்பினாள்.

குஞ்சம்மா அன்றே புக்கிட் ரம்பாய்க்குப் பஸ் ஏறினாள். கணேஸ்வரன் தெங்கேராவில் தன் பழைய மாணவனிடமே கம்ப்யூட்டர் கற்று, மறு வருடம் சிரம்பானுக்கு மாற்றலாகிப் போனார். தேவிஸ்ரீ, லாரி ஓட்டும் பாலகிருஷ்ணனைக் கட்டிக்கொண்டு, தாயையும் அவன் இருக்கும் ஜொகூருக்கே அழைத்துப்போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகை கோமளாவுக்கும் வந்தது. அவள் போகவில்லை, மொய்யை ராஜம்மாவிடம் கொடுத்தனுப்பினாள், பெயர் எழுதாமல்.