தெளிந்த குடுவை

அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: எங்கள் குடும்பத்துப் பேராசிரியர், அவர் மனைவி, அவருடைய இறந்துபோன தங்கையின் கணவர். மற்றவர்கள் பாராட்டு விழா முடிந்து கிளம்பிவிட்டார்கள்.

மேசைமேல் இருந்த குடுவை தெளிந்திருந்தது. காலையில் அது பால்போல் கலங்கியிருந்தது. உள்ளே பேராசிரியர் கையால் செய்த செயற்கை பாக்டீரியா செல்கள். பாக்டீரியாவைத் தின்னும் பேஜ் வைரஸ் புகுந்தால்தான் குடுவை அப்படித் தெளியும். ஆனால் இந்தச் செல்களில் பேஜ் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானமும் கிடையாது. அந்தப் பெருமைக்குத்தான் இன்று அவர் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள்.

"யாரு இதத் தொட்டது?"

"உங்க சாமான யாரு தொடுவா? கட்டுன பொண்டாட்டிக்கே அனுமதி இல்ல," என்றாள் மனைவி.

மூலையில் குடுவைகளை ஆட்டும் எந்திரம் சீராக ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு அடியில் சளி கட்டிய நெஞ்சு மூச்சை இழுப்பதுபோல் ஓர் இழுப்பு கேட்டது. கூடவே அழுகிய திராட்சையின் தித்திப்பு வாசனை மெல்ல வந்து தொண்டையில் ஒட்டியது. தங்கையின் நுரையீரலைத் தின்ற கிருமியின் வாசனை அது. அவள் நோயில் கிடந்தபோது, அந்தக் கிருமியைக் கொல்லும் பேஜ் பேராசிரியரின் ஃபிரீசரில்தான் இருந்தது. கட்டுரை வெளிவருமுன் கொடுத்தால் வேறு எவனாவது முந்திக்கொள்வான். "அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்லம்மா" என்று கூடப்பிறந்தவளிடமே கைவிரித்தார்.

"ஒரு சொட்டுதான் கேட்டா, மச்சான்," என்றார் தங்கையின் கணவர். "அவ போனப்புறம் உங்க கட்டுரையப் படிச்சேன்."

"இப்ப எதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்? விழாவுக்கு வந்தீங்க, சந்தோஷம்."

"நானா வரல. அவதான் கூட்டிட்டு வந்தா."

மனைவி அலறினாள். "ஐயோ, உங்க கை!"

பேராசிரியரின் புறங்கையில், குடுவைபோலவே தெளிந்த ஒரு வட்டம். பொட்டளவு. இரத்தமில்லை. வலியில்லை. அதன் வழியே மேசை தெரிந்தது. மணிக்கட்டில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. விளக்கருகே கையைத் தூக்கினார். நிழல் விழவில்லை. நாற்காலியில் சரிந்தார்.

மனைவி ஓடிப்போய் எந்திரத்தை நிறுத்தினாள். இழுப்பு நிற்கவில்லை. அது அவர் நெஞ்சிலிருந்து வந்தது.

"மருந்து... ஏதாவது குடு..."

காதோரம், மிக அருகில், பழகிய குரல்.

"அப்படி ஒண்ணும் எங்கிட்ட இல்லண்ணா."

பேராசிரியர் வேலையை விட்டு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார் என்று வெளியில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. எங்கள் குடும்பத்தில் யாரும் ஓடியதில்லை. அவர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. காலருக்கு மேலே ஒன்றும் இல்லை. பதக்கம் மட்டும் ஒவ்வோர் இழுப்புக்கும் ஏறி இறங்குகிறது.